ஆயா ஞானப்பூ கேட்ட ஒரு நாள்

சீமைக்குப் போய்த் திரும்பி வந்த ஒருத்தியிடம் சிராங்கூன் சாலையில் யாரும் "நல்லா இருக்கியா?" என்று கேட்பதில்லை. "பனியைக் கையால தொட்டியா?" என்றுதான் கேட்கிறார்கள். கப்பலைவிட்டு இறங்கிய அக்டோபரிலிருந்து டிசம்பர் பிறப்பதற்குள் ஞானப்பூ இந்தக் கேள்விக்கு எத்தனை தடவை பதில் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. தொட்டேன் என்றாள். எப்படி இருந்தது என்றார்கள். சில்லென்று இருந்தது என்றாள். இவ்வளவுதானா என்று கேட்டவர்களின் முகம் சுருங்கிப் போயிற்று. அதற்கு அவள் என்ன செய்ய முடியும்? பனி என்ன, பெட்டியில் மடித்து வைத்துக் கொண்டுவருகிற சரக்கா?

ஞானப்பூ தங்ளின் குன்றில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் ஆயா. பதினாலு வயதில் துரைசானியின் மூத்த குழந்தையைத் தூக்கிக்கொள்ளப் போனவள். அந்தக் குழந்தை இப்போது சீமையில் பள்ளிக்கூடத்துக்குப் போய், அவளைவிட ஒரு சாண் உயரமாக நிற்கிறது. நடுவில் பிறந்தவற்றையும் தூக்கி, கடைசிப் பிள்ளையையும் தூக்கி, மூன்று தடவை கப்பலேறி, அவளுக்கு இருபத்தேழு வயதாகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர்கள். அப்பா சிராங்கூன் சாலைச் சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தார். அம்மைக் காய்ச்சலில் கிடந்தபோது மிஷன்காரர்கள் கஞ்சி கொடுத்தார்கள். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் குடும்பத்தோடு ஞானஸ்நானம் வாங்கினார். இப்போது இரண்டு பேரும் இல்லை. அண்ணன் மாசிலாமணி அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன். எருமைக் கொட்டகைகளுக்குப் பக்கத்துச் சந்தில் மனைவி அன்னம்மாவோடு குடியிருந்தான்.

சின்ன வயதில் கிறிஸ்துமஸ் என்றால் ஞானப்பூவுக்குச் சீட்டித் துணிப் பாவாடை. மிஷன் துரைசானி ஒரு மூட்டையை அவிழ்த்து ஆளுக்கு ஒன்று தருவாள். ஏசுசாமி ஏதோ பெரிய துணிக்கடை முதலாளி, பிறந்தநாளுக்குப் பழைய சரக்கைத் தருமம் செய்கிறார் என்றுதான் ஏழு வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதில் ஒருமுறை, ஜெபக்கூடத்துப் பாயில் அம்மாவின் தொடையை ஒட்டி உட்கார்ந்திருந்தபோது, சத்திரத்தில் இடம் கிடைக்காத அந்தக் கதையை உபதேசியார் வாசித்தார். அம்மா அழுதாள். ஏன் அழுகிறாள் என்று ஞானப்பூவுக்குப் புரியவில்லை. அவள் கவனம் பாவாடையின் நாடாவில் இருந்தது. அடுத்த வருஷம் ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அடுத்த வருஷம் அம்மா இல்லை. அதற்கடுத்த வருஷம் தங்ளின்.

அதன்பிறகு பதின்மூன்று கிறிஸ்துமஸ் போயிற்று. ஒன்றில்கூட அவள் ஜெபக்கூடத்தில் உட்காரவில்லை. உலகத்தில் எல்லாருக்கும் லீவு விடுகிற நாளில்தான் ஆயாவுக்கு வேலை இரண்டு பங்கு. பங்களாவில் விருந்து என்றால் குழந்தைகளை மாடியில் அடக்கி வைக்கவேண்டும். கப்பலில் என்றால் அவர்கள் வாந்தியைத் துடைக்கவேண்டும். சீமையில் ஒரு வருஷம், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் புட்டிங்கின்மேல் பிராந்தி ஊற்றிக் கொளுத்திக்கொண்டு வந்தார்கள். இருமுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, கதவு இடுக்கு வழியாக அந்த நீல நெருப்பை அவள் பார்த்தாள். இன்னொரு வருஷம் அந்த ஊர்க் கோயிலில் ஒரு காட்சி வைத்தார்கள். கிழக்கிலிருந்து வந்த ஞானிகளில் ஒருவராக நிற்பதற்குக் கிழக்கிலிருந்து வந்த ஆள் வேண்டும் என்று பாதிரியாரின் மனைவி ஆசைப்பட்டாள். ஞானப்பூவின் முகத்தில் கம்பளிநூல் தாடி ஒட்டி, கையில் ஒரு ஊறுகாய் ஜாடியைக் கொடுத்து, மாட்டுத்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார்கள். அரைமணி நேரம் தாடி அரித்தது. காட்சி முடிந்து ஆராதனை தொடங்கியதும், கடைசிப் பிள்ளை அழுகிறது என்று வெளியே கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் அவளுக்குக் கிறிஸ்துமஸ் மேலேயே கோபம் வந்தது. இது அவர்கள் பண்டிகை. நான் அவர்கள் பண்டிகைக்குப் பாத்திரம் கழுவ வந்தவள் என்று நினைத்தாள். ஆனால் கோபம் வந்தால் மனிதர்கள் விட்டுவிடுகிறார்களா என்ன? கோபம் வர வர, அம்மா எதற்காக அழுதாள் என்று தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்று ஒரு பிடிவாதமும் கூடவே வளர்ந்தது. திரும்புகிற கப்பலில் ஏறுமுன் துரைசானியிடம், "இந்தக் கிறிஸ்துமஸ் அன்று முழு நாள் எனக்கு விடுமுறை வேண்டும். இல்லாவிட்டால் நான் இந்தத் துறைமுகத்திலேயே நிற்கிறேன்" என்றாள். பதின்மூன்று வருஷத்தில் ஆயா கேட்ட முதல் விஷயம் அது. துரைசானி திகைத்துப்போய்ச் சம்மதித்தாள்.

வெள்ளைக்காரியிடம் வாங்கிவிட்ட நாளைத் தன் சொந்தச் சனங்களிடம் பறிகொடுப்போம் என்று ஞானப்பூ கனவிலும் நினைக்கவில்லை.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஞானப்பூ இரண்டு மணி நேர ஓய்வில் வந்திருந்தபோது, அண்ணன் வீட்டுக்கு உபதேசியார் கந்தப்பு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டும் வேட்டியுமாக வெயிலில் நடந்து வந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"பிள்ளை, இந்த முறை நத்தாருக்கு, அதுதான் உங்கட கிறிஸ்துமசுக்கு, பினாங்கிலை இருந்து மிஷன் பெரிய துரை வாறார். எங்கட ஆராதனைக்கு வந்து, சாப்பிட்டுட்டுப் போறாராம். நீர் சீமையிலை இருந்தனீர். அந்தப் புட்டிங்கை நீர்தான் செய்யவேணும்."

"நான் சமையல்காரி இல்லீங்க. ஆயா. பக்கத்தில நின்னு பார்த்திருக்கேன், அவ்வளவுதான்."

"நாங்கள் பக்கத்திலை நிண்டும் பாக்கேல்லையே?"

"சீமையில எப்படிச் செஞ்சாங்களோ அப்படியே அச்சு அசலா செஞ்சிடு லா" என்றான் மாசிலாமணி. தங்கை இல்லாத இத்தனை வருஷமும் அவளைப் பற்றியே பேசிப் பெருமை தேடிக்கொண்டவன் அவன். இப்போது மறுத்தால் ஊர் என்ன நினைக்கும்?

ஞானப்பூ முறையைச் சொன்னாள். அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. அவர்களுக்குச் சீமையில் செய்வதுபோலவே வேண்டும். ஆனால் சீமையைப் பற்றி அவள் சொல்லுகிற எதையும் நம்பமாட்டார்கள்.

"மாட்டுக் கொழுப்பு போடணும்" என்றாள்.

"சீச்சீ" என்றாள் அன்னம்மா. "நம்ம மங்களம் வீட்டு எருமை நெய்யைப் போட்டுக்கலாம்."

"ஒரு மாசம் முன்னாடியே வேகவச்சு எடுத்து வைக்கணும். அப்பதான் ருசி."

"ஒரு மாதப் பழசையோ துரைக்குக் குடுக்கிறது? பழஞ்சோறு மாதிரி?" உபதேசியார் சிரித்தார். "பிள்ளை, நீர் வடிவாய்ப் பாத்திருக்கமாட்டீர். நத்தார் அண்டு காலமைதான் அவிக்கவேணும். ஆவி பறக்கவேணும்."

"கடைசியில மேலே பிராந்தி ஊத்திக் கொளுத்துவாங்க."

அந்தச் சபையில் மதுவிலக்குச் சத்தியம் செய்யாத ஆண்பிள்ளை கிடையாது. உபதேசியார் எழுந்தே விட்டார். "சாராயமோ! அந்தச் சொல்லை இந்த வீட்டுக்கை சொல்லாதையும்! நாங்கள் சும்மா தண்ணியிலை அவிப்பம்."

அவர் போனபிறகுதான் மாசிலாமணிக்கு அந்த நெருப்பின்மேல் ஆசை பிறந்தது. நெருப்பு இல்லாவிட்டால் அது வெறும் மாவுருண்டை. துரை முன்னால் சபையின் மானம் போய்விடும் என்றான். டிசம்பர் முதல் வாரத்தில் மூப்பர்கள் வீட்டுப் பெண்களை அழைத்து ஒரு சின்னப் புட்டிங் செய்து பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. அதற்கு நெருப்பு எப்படி வைப்பது என்ற யோசனையும் அவனிடம் தயாராக இருந்தது.

"சூடம் வச்சா எரியுமே."

"அண்ணே, வேணாம்."

"ஏன் வேணாம்? சாராயமில்லை, சத்தியத்துக்குப் பங்கமில்லை."

சூடம் கிறிஸ்தவர் வீட்டில் ஏது? அன்னம்மா போய் அதையும் மங்களத்திடமே வாங்கி வந்தாள். மங்களம் பக்கத்துக் கொட்டகைப் பால்காரரின் மனைவி, எதையும் எட்டிப் பார்க்காமல் விடாதவள். என்னதான் நடக்கிறது என்று பார்க்க, பால் கறந்த கையோடு அவளும் பின்னாலேயே வந்து நின்றாள். துணியில் மூட்டையாகக் கட்டி வேகவைத்த புட்டிங்கை அவிழ்த்துத் தட்டில் கவிழ்த்தார்கள். கன்னங்கரேலென்று உட்கார்ந்திருந்தது. மாசிலாமணி உச்சியில் நாலு சூடத்தை வைத்துக் கொளுத்தினான். நீலமாக எரியவில்லை. மஞ்சளாக, புகை விட்டுக்கொண்டு, எல்லாருக்கும் ரொம்பவும் பழக்கமான ஒரு வாசனையோடு எரிந்தது.

மங்களம் சும்மா இருந்தாள். மூப்பரின் மனைவி பூவம்மாதான் முதலில் முன்னால் வந்தாள். ஜெபக்கூடத்தில் முதல் பாயில் உட்காருகிற கிழவி. தலைமுடியை முக்காட்டால் மூடிக்கொண்டு, இரண்டு கையையும் நெருப்பின்மேல் நீட்டி, பயபக்தியாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் ஒற்றிக்கொண்டதும் வரிசையாக ஐந்து பெண்கள் ஒற்றிக்கொண்டார்கள். தட்டைப் பிடித்திருந்த மாசிலாமணி, தன்னை அறியாமல் தட்டை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"கண்டனான்! என்ர கண்ணாலை கண்டனான்!" வாசலில் உபதேசியார் கந்தப்பு நின்றுகொண்டிருந்தார். "பூவம்மா ஆச்சி, நீங்கள் ஞானஸ்நானம் எடுத்து முப்பது வரியம்!"

"கை தானா போயிடுச்சுங்க" என்றாள் கிழவி, கொஞ்சங்கூட வெட்கப்படாமல். "சூடத்தைப் பார்த்தா கை சும்மா கிடக்குமா?"

"ஒரு திருநீறும் கொண்டாந்திருப்பேனே, சொல்லியிருந்தா" என்றாள் மங்களம்.

ஞானப்பூவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு நம்பிக்கையும் வந்தது: ஒழிந்தது சனியன், இனிமேல் புட்டிங் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். எங்கே விட்டார்கள்? உபதேசியார் அரைமணி நேரம் விக்கிரக ஆராதனையைப் பற்றிப் பேசினார். நெருப்பைத் தடை செய்தார். பிறகு ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தார். இன்னொரு துண்டும் போட்டார். "புட்டிங் இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அறுபது பேருக்கு என்றால் மூன்று பெரிய மூட்டை. ஒரே அண்டாவில் ஆறு மணி நேரம் வேகவேண்டும். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். "அப்ப ஆராதனைக்கு நான் எப்படி வர்றது?" என்று ஞானப்பூ கேட்டாள். அதை யாருமே யோசித்திருக்கவில்லை. யோசித்தபிறகும் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

"அண்ணி, நீங்க மாத்தி மாத்தி வந்து பார்த்துக்க மாட்டீங்களா?"

"நான் பாட்டுக்காரங்களோட நிக்கணும், ஞானம். புதுப்புடவை வேற. புகை ஏறிடும்."

"அடுப்பு ஜெபக்கூடத்துச் சுவரை ஒட்டித்தானே இருக்கு" என்றான் அண்ணன். "எல்லாம் காதிலே விழும். கர்த்தருக்கு அடுப்படியும் ஒண்ணுதான், ஜெபக்கூடமும் ஒண்ணுதான்."

அப்படியானால் நீ போய் அடுப்படியில் இரு என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. அண்ணனாயிற்றே என்று விழுங்கிக்கொண்டாள். பதின்மூன்று வருஷம் விழுங்கிப் பழகிய நாக்கு.

கிறிஸ்துமஸ் அன்று விடிகிற வேளையில் மழை விட்டிருந்தது. ஜெபக்கூடத்துக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைச் சார்ப்பின் கீழே ஞானப்பூ அடுப்பு மூட்டினாள். ஈர விறகு. ஊதி ஊதிக் கண் சிவந்தது. வெள்ளைப் புடவை ஒன்றை இந்த நாளுக்கென்றே எடுத்து வைத்திருந்தாள். அதைக் கட்டிக்கொண்டுதான் வந்தாள். ஏழு மணிக்குள் முழங்கை வரைக்கும் கரி. ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் சார்ப்புப் பக்கம் எட்டிப் பார்த்து, அண்டாவை விசாரித்துவிட்டு உள்ளே போனார்கள்.

எட்டரை மணிக்கு ஒரு பியூன் சைக்கிளில் வந்து கடிதம் கொடுத்தான். உபதேசியார் அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"துரை வரேல்லையாம்" என்றார். "தங்ளினிலை ஒரு பங்களாவிலை விருந்தாம்."

எந்தப் பங்களா என்று ஞானப்பூ கேட்கவில்லை. "அப்ப இதை இறக்கிடலாங்களா?"

"ஏன் இறக்கிறது? துரை இல்லாட்டில் சபை இல்லையோ? நல்லாய் அவியட்டும், பிள்ளை. தண்ணியைப் பாத்துக்கொள்ளும்."

அவர் உள்ளே போனார். மணி அடித்தது. முதல் பாட்டு ஆரம்பமாயிற்று.

காதில் விழும் என்று அண்ணன் சொன்னது பொய். பாட்டு விழுந்தது, பேச்சு விழவில்லை. பலகைச் சுவர், அதற்கு இந்தப் பக்கம் அண்டா கொதிக்கிற சத்தம். வாசிப்பு தொடங்கியது என்பது குரலின் ஏற்ற இறக்கத்தில் தெரிந்தது. ஞானப்பூ அகப்பையோடு போய்ப் பலகையில் காதை வைத்தாள். குடிமதிப்பு எழுதின கதை வந்தது. ஊருக்குப் போனார்கள். பிறகு கொதி எழும்பி மூடி தடதடவென்று ஆடியது. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். அதற்குள் சத்திரம் தாண்டிப் போய்விட்டது. மேய்ப்பர்கள் வந்துவிட்டார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதுவும் யாருமே நினைக்காத ஒருத்தியின் மேல். அந்தச் சத்திரத்தில் அன்றைக்கு அத்தனை கூட்டம் என்றால், அத்தனை பேருக்கும் சமைத்தவள் ஒருத்தி இருந்திருப்பாள். இப்படித்தான் கரிக்கையும் வேர்வையுமாக நின்றிருப்பாள். பத்தடி தள்ளித் தொழுவத்தில் ஒரு பிள்ளை பிறந்து அழுத சத்தம் அவள் காதில் விழுந்திருக்கும். யார் பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டு, அடுப்பில் விறகைத் தள்ளியிருப்பாள். ஆடு மேய்க்கிறவன் வந்து பார்த்துவிட்டுப் போனான். எங்கிருந்தோ ஒட்டகத்தில் ஏறி வந்தவன் பார்த்துவிட்டுப் போனான். கூடவே இருந்தவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுதியிருப்பார்களே! அடிப் பைத்தியக்காரி, சோறு குழைந்தால் குழையட்டும் என்று ஒரு எட்டுப் போய்ப் பார்த்திருக்கக் கூடாதா?

ஞானப்பூ அகப்பையை அடுப்புமேட்டில் வைத்தாள். அடுப்பை அணைக்கக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. தொட்டித் தண்ணீரில் கையை அலம்பினாள். கரி பாதிதான் போயிற்று. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, சுற்றி வந்து, முன்வாசல் வழியாக ஜெபக்கூடத்துக்குள் நுழைந்தாள்.

பெண்கள் பக்கம் நிறைந்திருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு முடிந்து வந்து முதல் பாயில் உட்கார்ந்திருந்த அன்னம்மாவின் கண் அகன்றது.

"அண்டாவுக்கு யாரு?" என்றாள் உதட்டசைவில்.

"யாருமில்லை. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அண்ணி."

"புடவை..."

"தள்ளுங்க."

பூவம்மா கிழவி சட்டென்று நகர்ந்து இடம் விட்டாள். ஞானப்பூ கிழவியின் தொடையை ஒட்டி உட்கார்ந்தாள்.

பிரசங்கம் நன்றாகவே இல்லை. உபதேசியார் கந்தப்பு பெத்லகேமில் பனி பெய்ததைப் பற்றி நெடுநேரம் பேசினார். துரைக்காகத் தயார் செய்ததை வீணாக்க மனமில்லாமல் நடுநடுவே இங்கிலீஷ் வார்த்தைகளையும் சேர்த்துக்கொண்டார். ஞானப்பூவுக்கு எரிச்சல் வந்தது. இதற்கா பதின்மூன்று வருஷம் காத்திருந்தேன் என்றும் தோன்றியது. ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். இடையில் எங்கோ, இடமில்லை என்று சொல்லப்பட்ட அந்தப் பெண்ணுக்குப் பத்து மாதம் நிறைந்திருந்தது என்பதை அவர் போகிற போக்கில் சொன்னார். அம்மா அழுத அந்த வருஷம் அவளும் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். அந்தப் பிரசவத்தில்தான் செத்தாள். ஞானப்பூ தலையைக் குனிந்துகொண்டாள். கிழவி அவள் கரிக்கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வாசனை வந்தது.

முதலில் இனிப்பாக, வெல்லம் காய்ச்சுவதுபோல. பிறகு கசப்பாக. பிறகு எல்லா மூக்கையும் திருப்பிப் பார்க்க வைக்கிற தீய்ந்த நாற்றம். உபதேசியார் பனியிலிருந்து விலகி ஒரு நிமிஷம் நின்றார். அவர் கண் ஞானப்பூவிடம் வந்து நின்றது. ஆண்கள் பக்கத்திலிருந்து மாசிலாமணி புருவத்தை உயர்த்தி, தலையை ஆட்டி, கடைசியில் கையையே ஆட்டினான்.

"ஞானம், கருகுது!" என்றாள் அன்னம்மா.

"கருகட்டும்."

உபதேசியார் பிரசங்கத்தை அவசரமாக முடித்துக் கடைசிக் கீர்த்தனையைத் தொடங்கினார். பல்லவி முடிவதற்குள் பலகை இடுக்கு வழியாகப் புகை உள்ளே நுழைந்தது. அனுபல்லவியில் பிள்ளைகள் ஓடினார்கள். முதல் சரணத்தில் தாய்மார்கள் பிள்ளைகளைப் பிடிக்க ஓடினார்கள். மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். அன்னம்மா புதுப்புடவையை மறந்தே ஓடினாள். பின்னால் தண்ணீர் சுர்ரென்று விழுகிற சத்தமும், "ஐயோ, அண்டா ஓட்டையாயிடுச்சே!" என்ற அலறலும் கேட்டன. உபதேசியாரைத் தவிரக் கூடத்தில் மிஞ்சியது பூவம்மா கிழவியும் ஞானப்பூவும்தான். கிழவிக்கு எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும்.

உபதேசியார் புத்தகத்தை மூடி, மேடையிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

"ஐயா" என்றாள் ஞானப்பூ. "இன்னும் ரெண்டு சரணம் இருக்கு."

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "பிள்ளை, அங்கை எல்லாம் எரியுது."

"எரிஞ்சு முடிஞ்சிடுச்சுங்க. அண்ணன் தண்ணி ஊத்திட்டாரு. ஆசீர்வாதமும் நீங்க இன்னும் சொல்லலை. எனக்கு இன்னைக்கு ஒரு நாள்தான் லீவு. பாடுங்க."

உபதேசியார் கந்தப்பு வைத்த காலை மேலே எடுத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, புத்தகத்தில் பக்கத்தைத் தேடினார். அவருக்கு ஒரு சுருதி, கிழவிக்கு ஒரு சுருதி. ஞானப்பூவுக்கு இரண்டாவது சரணம் பாதிதான் நினைவிருந்தது. தெரியாத இடத்தில் முணுமுணுத்துக்கொண்டு, தெரிந்த இடத்தில் வெளியே கேட்கிற சண்டைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, அவள் பாடினாள்.